ஒரு செம்பு தண்ணீருக்கு நன்றி

மீஞ்சூருக்குக் கிழக்கே கடற்கரை வரை உள்ள ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நிலத்தடியில் கடல்நீர் எதுவரை புகுந்திருக்கிறது என்று பார்க்க, வைகாசி வெயிலில் கம்பியும் பேட்டரியுமாக உங்கள் வயல்களில் அலைந்த மாணவர்கள் நாங்கள். தரையில் ஒரே நேர்கோட்டில் நான்கு கம்பி அடிப்போம். வெளிக்கம்பி இரண்டில் மின்சாரம் விட்டு, உள்கம்பி இரண்டுக்கும் இடையே மின்னழுத்தத்தை அளப்போம். வெளிக்கம்பிகளைத் தள்ளித் தள்ளி அடிக்க, இன்னும் ஆழத்தில் இருப்பது தெரியவரும். நல்ல தண்ணீர் உள்ள மணலில் மின்தடை கூடுதலாக இருக்கும். கடல்நீர் புகுந்த மணலில் சடாரென்று விழுந்துவிடும்.

இதற்கு நூற்றுக்கணக்கான மீட்டர் ஒயர் இழுக்க வேண்டும். "செருப்பைக் கழட்டிட்டு நடங்க தம்பி, அது போதும்" என்று எள் வயலில் வழிவிட்ட பெரியவருக்கு முதல் நன்றி. காய்ந்த தரையில் மின்சாரம் இறங்காதபோது குடம் குடமாகத் தண்ணீர் சுமந்துவந்து கம்பியடியில் ஊற்றிய தம்பிகளுக்கும், ரோட்டின் குறுக்கே ஒயர் கிடந்தபோது வண்டிகளை நிறுத்திக் காத்த ஆட்டோ அண்ணன்களுக்கும் நன்றி.

பெரிய கடன் வேறொருவருக்கு. உப்புத் தண்ணீருக்கும் களிமண்ணுக்கும் எங்கள் கருவி ஏறக்குறைய ஒரே எண்ணைத்தான் காட்டும். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் அந்த எண் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியதும், கடல் இங்கேயும் வந்துவிட்டது என்று எழுதப் போனேன். "இந்த பம்புத் தண்ணியிலதான் பருப்பு வேகவைக்கிறோம், பூவா வேகுது" என்று ஓர் அக்கா செம்பில் பிடித்து நீட்டினார். குடித்தேன், துளி உப்பில்லை. தண்ணீரில் உப்பை அளக்கும் குளோரைடு சோதனையும் அதையே சொன்னது. அங்கே இருந்தது களிமண். அக்கா குறுக்கே பேசாமல் இருந்திருந்தால், உயிரோடிருக்கும் கிணற்றைச் செத்ததாக எழுதியிருப்பேன்.

கடலோரத்துப் பாட்டி ஒருவர் எந்தக் கிணறு முதலில் கரித்தது, அடுத்து எது என்று விரல்விட்டுச் சொன்னார். எங்கள் வரைபடத்தில் உப்பு மேற்கே ஏறிய வழியும் அதேதான். 1960களிலிருந்து சென்னை நகரத்துக்கும் ஆலைகளுக்கும் நிலத்தடி நீரை இறைத்த இறைப்பால் வந்தது அது. கடல்மட்டத்துக்கு மேல் நிற்கும் ஒவ்வொரு மீட்டர் நன்னீரும் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழத்துக்கு உப்பைத் தடுத்து நிற்கும் என்பது கணக்கு. மேலே ஒரு மீட்டர் குறைந்தால் கீழே போவது எவ்வளவு என்று பாருங்கள்.

வரைபடத்தைத் தமிழில் எழுதி ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டியிருக்கிறோம். மழை முடிந்து தை மாதம் அதே இடங்களில் மறுபடி அளக்க வருகிறோம். அக்கா, அதே பம்பில் ஒரு செம்பு பிடித்து வையுங்கள்.