ஏற்காட்டில் மரக்கன்று, ஆற்றோரம் கரும்புகை: ஒரு மென்பொருள் நிறுவனத்துக்குத் திறந்த மடல்

சேலத்தில் கிளை வைத்திருக்கும் மென்பொருள் நிறுவனத்தின் நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். திருமணிமுத்தாற்றங்கரையில் குடியிருப்பவர்கள் சார்பில் எழுதுகிறேன். நீங்கள் கழித்து விற்ற கணினிகளின் வயர்களை எங்கள் ஆற்றோரம் எரிப்பதைப் பற்றிய எங்கள் மனுவை உங்கள் வரவேற்பறையில் வாங்கி முத்திரையும் குத்திவிட்டார்கள். ஆகவே கதையை முதலிலிருந்து சொல்லப்போவதில்லை. உங்கள் பழைய கணினிகளை ஏலத்தில் எடுத்தவர் யார் என்பது உங்கள் பதிவேட்டில் இருக்கும். அவை கடைசியாக வந்து சேர்ந்த இடம் எங்களுக்குத் தெரியும்.

இருட்டிய பிறகு ஆற்றோரம் வயர்களைக் குவித்துக் கொளுத்துகிறார்கள். மேலுறை எரிந்தால் செம்பு மிஞ்சும். பழைய இரும்புக்கடையில் அதற்கு நல்ல விலை. குப்பைப் புகை எங்களுக்குப் பழகியதுதான். இது வேறு. நெடி தொண்டையிலேயே தங்கிவிடுகிறது. வயரைச் சுற்றியுள்ள பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக் உறை எரியும்போது டையாக்சின் என்னும் நஞ்சு கிளம்புகிறது. பக்கத்து வீட்டு அம்மாவுக்கு ஆஸ்துமா. சேலத்துக் கோடையில் ஜன்னலைச் சாத்தி, கதவிடுக்கில் ஈரத்துணியைத் திணித்து, இன்ஹேலரைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுக்கிறார். அந்தப் புழுக்கத்தைக் குளிரூட்டிய அறையில் இருப்பவர்களுக்கு எப்படி விளக்குவது? காலையில் சாம்பலுக்குள் பாதி உருகிய விசைப்பலகை கிடக்கிறது. அடியில் உங்கள் நிறுவனப் பெயரும் சொத்து எண்ணும் அச்சிட்ட ஸ்டிக்கர், எழுத்துகூட அழியாமல்.

நீங்கள் கழித்த கணினிகளில் பலவும் நன்றாக ஓடிக்கொண்டிருந்தவை என்று உங்கள் ஊழியர்களே சொல்கிறார்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11-ஐ ஏற்காத கணினிகளை மொத்தமாகக் கழித்துவிட்டீர்கள். லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளத்தை ஏற்றிப் பள்ளிகளுக்குக் கொடுத்திருந்தால் இன்னும் சில ஆண்டுகள் உழைத்திருக்கும். ஒரு மடிக்கணினியால் உண்டாகும் கரிம உமிழ்வில் பெரும்பங்கு அதைத் தயாரிக்கும்போதே வெளியேறிவிடுகிறது என்பதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

மின்சாரத்தையும் கழிவையும் குறைக்கும் ‘பசுமைக் கணினி’ முறையை நிறுவனங்கள் ஏன் பேசுகின்றன என்பது எங்களுக்கும் புரிகிறது. மின்கட்டணம் குறைகிறது. வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒப்பந்தத்துக்கு முன்பே அதைப் பற்றிக் கேட்கிறார். பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட முதல் 1000 நிறுவனங்கள் சுற்றுச்சூழல் பொறுப்பு பற்றி அறிக்கை தர வேண்டும் என்று 2022-23 முதல் பங்குச்சந்தை ஒழுங்காற்று அமைப்பான செபி கட்டாயமாக்கிவிட்டது. லாபத்துக்காகச் செய்தாலும் எங்களுக்கு மகிழ்ச்சியே. ஆனால் மிச்சம்பிடித்த மின்சாரத்துக்குப் பக்கம் பக்கமாகப் படம் போடும் உங்கள் அறிக்கை, கழித்த கணினிகளைப் பற்றி மட்டும் ஒரே வரியில் முடிந்துவிடுவது ஏன்?

முக்கியமாகக் கேட்பது ஒன்றுதான்: கழிக்கும் கணினிகளைப் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடமோ புதுப்பிப்பவரிடமோ மட்டும் கொடுங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் மின்கழிவு மேலாண்மை விதிகள் பெரும் பயனாளர்களுக்குச் சொல்வதும் இதைத்தான். நாங்கள் புதிதாக எதையும் கேட்கவில்லை.

உலகச் சுற்றுச்சூழல் நாளன்று ஏற்காட்டில் நீங்கள் மரக்கன்று நட்ட படங்களைப் பார்த்தோம். சேர்வராயன் மலைக்கு மரம் வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? ஆனால் ஏசி பஸ்களில் ஆட்களை மலையேற்றி, கன்றைவிடப் பெரிய ஃபிளெக்ஸ் பேனருக்கு முன்னால் நிறுத்தி, ஆளுக்கொரு பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலும் கொடுத்திருக்கிறீர்கள். மறுநாள் அந்தக் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றியவர் யார் என்று அறிய ஆவல். ஆள் இல்லாத தளங்களில் விடிய விடிய விளக்கெரிவதும் கணித்திரைகள் ஒளிர்வதும் பசுமைத் திட்டத்தில் எந்தப் பிரிவில் வருகின்றன என்பதையும் தெரிவித்தால் நன்றி.

மரக்கதை இருக்கட்டும். ஏலத்தில் போகாத மீதிக் கணினிகள் இன்னும் உங்கள் கிடங்கில் இருப்பதாகக் கேள்விப்படுகிறோம். அவற்றைப் பதிவுபெற்றவர்களிடம் மட்டுமே ஒப்படைத்து, அந்த ரசீதின் நகலை எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு அனுப்பிவைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். ஏற்கெனவே விற்றவற்றில் எஞ்சியதைத் திரும்ப வாங்க முடியுமா என்பதற்கும் எழுத்தில் பதில் தாருங்கள். இந்த மடலின் நகல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் போகிறது.

இப்படிக்கு,
ஆற்றங்கரைக் குடியிருப்பாளர்களில் ஒருவன்