விஎஃப் மட்டும் போதாது, அதைச் செய்த மூலமும் வேண்டும்

ஜப்பானியக் கல்விச் சங்கங்களின் இதழ்ப் பதிப்புக் குழுக்களுக்கு,

வணக்கம். ஜப்பானியக் கட்டுரைகளை டெக் (TeX) என்ற மென்பொருளில் அச்சுக்கோப்பது என் பிழைப்பு. அந்த உரிமையில் ஒரே ஒரு கோரிக்கை. உங்கள் இதழின் பக்க அமைப்பைச் சொல்லும் கிளாஸ் கோப்போடு, எந்த எழுத்தை எந்த எழுத்துருவிலிருந்து எடுத்து எங்கே வைப்பது என்று சொல்லும் மெய்நிகர் எழுத்துருக்களையும் (விஎஃப்) தருகிறீர்கள். அவற்றை எதிலிருந்து, எந்தக் கட்டளையால் உருவாக்கினீர்கள் என்பதையும் கூடவே தாருங்கள். என் கைக்கு வரும் பல தொகுப்புகளில் டிஎஃப்எம் (எழுத்துகளின் அளவைக்கோப்பு), விஎஃப் என்ற, நேரடியாகப் படிக்க முடியாத பைனரி கோப்புகள் மட்டுமே இருக்கின்றன. மூலம் எங்கே என்று கேட்டால் யாருக்கும் தெரிவதில்லை.

அந்தச் சின்னக் கோப்புக்குள் எவ்வளவு யோசனை அடங்கியிருக்கிறது! பிடெக் என்ற ஜப்பானிய டெக்கின் அளவைக்கோப்பான ஜேஎஃப்எம், ஆயிரக்கணக்கான கான்ஜிகளை (சீனத்திலிருந்து வந்த எழுத்துகளை) ஒவ்வொன்றாக அளப்பதில்லை. எல்லாம் ஒரே அளவுச் சதுரம் என்பதால் 0 என்ற ஒரே வகுப்பில் போட்டுவிடுகிறது. அடைப்புக்குறி, காற்புள்ளி, நடுப்புள்ளி ஆகியவற்றுக்குத்தான் தனி வகுப்புகள். தொடக்க அடைப்புக்குறியின் அகலம் அரைச் சதுரம் என்று ஜேஎஃப்எம் சொல்லும். எழுத்துருவிலோ அந்தக் குறி முழுச் சதுரத்தின் வலப் பாதியில் வரையப்பட்டிருக்கும், இடப் பாதி வெற்றிடம். அப்படியே வைத்தால் குறி அடுத்த எழுத்தின்மேல் ஏறிவிடும். அதனால்தான் விஎஃப், முதலில் அரைச் சதுரம் இடப்பக்கம் நகரச் சொல்கிறது, பிறகு எழுத்தை வைக்கச் சொல்கிறது. நடுப்புள்ளிக்குக் கால் சதுரம் நகர்ந்தால் போதும். மூடும் குறிக்கு நகரவே வேண்டாம், அதன் மை இடப் பாதியில்தானே இருக்கிறது.

இந்தக் கணக்கையெல்லாம் மேக்ஜேவிஎஃப் என்ற நிரல் ஒரே கட்டளையில் முடித்துவிடும். மூல ஜேஎஃப்எம்மின் பெயர், ரியூமின் லைட்டுக்கு ஆர்எம்எல் என்பது போன்ற எழுத்துருப் பெயர், கான்ஜி அல்லாதவற்றுக்கு வேறு எழுத்துரு வேண்டுமானால் அதற்கான விருப்பம். அவ்வளவுதான், ஒரு வரி. அந்த வரியைத்தான் கேட்கிறேன்.

பைனரியைப் பிரித்துப் பார்க்க ஜேஎஃப்எம்யூட்டில் என்ற நிரல் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, தினமும் பயன்படுத்துகிறேன். அது எண்களைக் காட்டும், காரணத்தைக் காட்டாது. ஓர் இதழின் தொகுப்பில் காற்புள்ளிக்குப் பின் வரும் இடைவெளி வழக்கத்தைவிடக் குறைவாக இருந்தது. வேண்டுமென்றே குறைத்தார்களா, கைதவறி வந்ததா? செய்தவர் அங்கே இப்போது இல்லை, எனவே தொடாமல் விட்டுவிட்டோம். மின்10 என்ற பழைய ஜேஎஃப்எம் அளவைக்கோப்பில் 'சொத்தோ' போன்ற ஜப்பானியச் சொற்களின் சிறு கானாக்கள் (அசையெழுத்துகள்) இயல்புக்கு மீறி நெருங்கிவிடும் குறை ஊரறிந்தது. ஜேஐஎஸ் எக்ஸ் 4051 என்ற ஜப்பானிய அச்சமைப்புத் தரநெறியைத் தழுவி டோக்கியோ ஷோசெகி அச்சகம் தந்த அளவைக்கோப்பு வந்தபின் பலரும் அதற்கு மாறினார்கள். உங்கள் விஎஃப் இந்த இரண்டில் எதன் வழி வந்தது என்பதை நாங்கள் ஊகித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

யூனிகோடுக்கு மாறும்போது சிக்கல் இன்னும் கூடுகிறது. பிடெக்கின் ஜேஎஃப்எம் தன் வகுப்புப் பட்டியலை ஜேஐஎஸ் என்ற ஜப்பானிய எழுத்துக் குறியீட்டில் வைத்திருக்கும். பிடெக்கின் யூனிகோடு வடிவமான யுபிடெக்குக்கு அதை யூனிகோடில் மறுபடி எழுதி, விஎஃப்பையும் புதிதாக உருவாக்க வேண்டும். ஆனாலும் மாறத்தான் வேண்டும்: பழைய எழுத்துப் பட்டியலான ஜேஐஎஸ் எக்ஸ் 0208-இல் இருப்பவை 6,355 கான்ஜிகள். தகஹாஷி என்ற பெயரின் முதல் எழுத்தை ஏணி வடிவில் எழுதுபவர்கள் ஏராளம், அந்த வடிவம் அதில் இல்லை. சொந்தக் கட்டுரையில் ஒருவரின் பெயர் அவர் எழுதுகிற விதத்தில் வர வேண்டாமா?

இன்னொன்று, 2019-இல் ஜப்பானில் புதிய பேரரசரின் ரெய்வா சகாப்தம் தொடங்கியது. அதற்கான ஒற்றைக் குறி யூனிகோடில் சேர்ந்தது. ஜப்பானிய எழுத்துருக்களின் எழுத்து வடிவங்களைப் பட்டியலிடும் அடோபி-ஜப்பான்1 தொகுதியிலும் கிடைமட்டத்துக்கு ஒன்று, செங்குத்துக்கு ஒன்று என இரண்டு வடிவங்கள் கூடி மொத்தம் 23,060 ஆனது. விஎஃப்பில் ஓர் எழுத்துக்கு இடமில்லை என்றால் என்ன ஆகும் தெரியுமா? ஜேஎஃப்எம் பட்டியலில் இல்லாததெல்லாம் 0-ஆம் வகுப்பு என்பதால் யுபிடெக் எந்தப் பிழையும் சொல்லாமல் ஒரு சதுர இடம் விட்டுவிடும். பிடிஎஃப்பில் அங்கே வெள்ளையாக இருக்கும். மூலம் கையில் இருந்தால் இதைச் சரிசெய்யச் சில நிமிடங்கள் போதும்.

எழுத்துரு நிறுவனங்களின் உரிமம் தடுக்கிறது என்று தயங்க வேண்டியதில்லை. விஎஃப்பில் எழுத்தின் வரைவு ஒன்றுகூடக் கிடையாது. இடம், அகலம், எந்த எழுத்துருவிலிருந்து எடுப்பது என்ற குறிப்புகள் மட்டுமே இருக்கின்றன. டெக்கை உருவாக்கிய டொனால்ட் நூத் மெய்நிகர் எழுத்துருவைத் தந்தபோதே மனிதர் படிக்கக்கூடிய உரை வடிவத்தையும் சேர்த்துத்தான் தந்தார். ஜப்பானிய அச்சுக்கோப்புக்கு லுவாடெக்-ஜேஏ என்ற புதிய முறை வந்துவிட்டதே என்பவர்களுக்கும் ஒரு சொல்: அங்கே ஜேஎஃப்எம்மே படிக்கக்கூடிய லுவா கோப்பு, விஎஃப் தேவையில்லை. நல்லது. ஆனால் உங்கள் இதழின் இடைவெளிகளை அங்கே கொண்டுபோகவும் இதே மூலம்தான் வேண்டும்.

அடுத்த தொகுப்பை வெளியிடும்போது ஜேஎஃப்எம்மின் உரை வடிவம், விஎஃப்பை உருவாக்கிய கட்டளைகள், வழக்கத்திலிருந்து எங்கே ஏன் விலகினீர்கள் என்ற சில வரிகள், அப்புறம் இவற்றை மாற்றிப் பயன்படுத்தலாம் என்ற அனுமதி ஆகியவற்றைச் சேர்த்துவிடுங்கள். ஆங்கிலத்தில் எழுத மெனக்கெட வேண்டாம். ஜப்பானிய மொழியில் இருந்தாலே எங்களுக்குப் போதும்.

அன்புடன்,
சென்னையிலிருந்து ஓர் அச்சுக்கோப்பாளர்