சேராத உணவு: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

சென்ற மாதம் மூன்றாம் ஆண்டு வகுப்புக்குப் பிறந்தநாள் மீகூன் (மெல்லிய அரிசி நூடுல்ஸ்) வந்தது. இரண்டு வாய்தான் சாப்பிட்டான் ஒரு பையன். உதடு வீங்கி, கழுத்தெல்லாம் தடிப்பு எழும்பிவிட்டது. மீகூனில் இறால் இல்லையே என்று நாங்கள் விழித்தோம். ஆனால் அதில் இருந்த மிளகாய்ச் சம்பலில் பெலாச்சான் இருந்தது. பெலாச்சானும் இறால் அரைத்ததுதான் என்பது அந்த நேரத்தில் யாருக்கும் உறைக்கவில்லை. அவனது பதிவுப் பாரத்தில் ஒவ்வாமை ‘இல்லை’ என்று இருந்தது. அம்மாவை அழைத்துக் கேட்டால், “இறால் சேராது டீச்சர், அது வீட்டில் எல்லாருக்கும் தெரியுமே!” என்கிறார்.

அரிப்பு மாத்திரை கொடுத்துப் பார்க்கலாம் என்று ஓர் ஆசிரியர் சொன்னபோது நானும் தலையாட்டினேன். தப்புதான். வெறும் தடிப்புக்கு மாத்திரை போதும். ஆனால் குரல் கம்மினால், மூச்சு இழுத்தால், உணவுக்குப் பிறகு திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால், மயக்கம் வந்தால் மாத்திரையை நம்பிக் காத்திருக்கக் கூடாது. அதற்கு முதல் மருந்து தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. உடனே 999ஐ அழையுங்கள். பிள்ளையைப் படுக்க வைத்துக் காலைச் சற்று உயர்த்துங்கள், மூச்சுத் திணறினால் உட்கார வையுங்கள். நடக்கவிட வேண்டாம். அடங்கிய பிறகும் சில மணி நேரத்தில் மறுபடி வரலாம். டாக்டர் இருக்கச் சொன்னால், மறுநாள் வேலையை நினைத்து அவசரப்பட்டு வீட்டுக்குக் கூட்டிப் போகாதீர்கள்.

சரி, இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. ஏதாவது ஓர் உணவு சேராத பிள்ளையை அரசு கிளினிக்கிற்கு அழைத்துச் செல்லுங்கள். கட்டணம் 1 ரிங்கிட்தான். அங்கே கூட்டம், டாக்டர் இரண்டு நிமிடத்தில் அனுப்பிவிடுவார் என்பீர்கள். நானும் என் மகளோடு அப்படித் திரும்பியிருக்கிறேன். அதனால்தான் சொல்கிறேன்: என்ன சாப்பிட்டான், எத்தனை நிமிடத்தில் வந்தது என்று எழுதிக்கொண்டு போங்கள். தடிப்பைக் கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள், பாக்கெட் உணவென்றால் உறையையும் கொண்டு போங்கள். எது ஆகாது, வந்தால் என்ன செய்வது என்று டாக்டரிடமே எழுதி வாங்குங்கள். சந்தேகம் இருந்தால் மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள்; தோல் பரிசோதனையோ இரத்தப் பரிசோதனையோ செய்வார்கள். பாட்டி சொன்னார் என்பதற்காகப் பாலையும் முட்டையையும் நீங்களாகவே நிறுத்தாதீர்கள், வளரும் பிள்ளைக்கு அது நட்டம்.

பெனிசிலின் என்னும் கிருமிக்கொல்லி மருந்து ஆகாது என்று சில பாரங்களில் எழுதியிருக்கிறது. அப்படிச் சொல்பவர்களில் பெரும்பாலோருக்குச் சோதித்துப் பார்த்தால் ஒன்றும் இருப்பதில்லை. ஆனால் அதை வீட்டில் சோதிக்க வேண்டாம், டாக்டரிடம் கேளுங்கள்.

டாக்டர் எழுதியதன் நகல் ஒன்று சிற்றுண்டிச்சாலையிலும் ஒன்று வகுப்பாசிரியரிடமும் இருக்கும். பிறந்தநாளுக்குச் சமைத்த உணவு அனுப்பினால், சம்பலில் போட்டது உட்பட எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள்.

வரும் வெள்ளிக்குள் நகலைப் பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள். புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்ப வேண்டாம், காலை வணக்கப் பூக்களுக்கு நடுவே அது காணாமல் போய்விடும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்