1 முதல் 8 வரை வகுப்புத் திறப்பு: கை தூக்கச் சொல்லி முடிவெடுக்க வேண்டாம் எனக் கோரும் மனு

அனுப்புநர்:
ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி மாணவர்களின் பெற்றோர்கள்,
பள்ளிபாளையம் வட்டாரம், நாமக்கல் மாவட்டம்.
(பள்ளியின் பெயரும் எங்கள் முகவரிகளும் இணைப்புத் தாளில் உள்ளன.)

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், நாமக்கல்.

நாள்: 25.10.2021

பொருள்: நவம்பர் 1 அன்று 1 முதல் 8 வரை வகுப்புகள் திறப்பு – பெற்றோரிடையே கருத்து வேறுபாடு – எங்கள் பள்ளியில் நேரடி வகுப்பைத் தள்ளிவைக்காமல் தொடங்கவும், வர இயலாத பிள்ளைகளுக்குத் தாளில் பாடம் கொடுக்கவும், ஒப்புதல் படிவத்தில் ஒரு வரியை நீக்கவும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அம்மா அவர்களுக்கு,

வணக்கம். நானும் என் வீட்டுக்காரரும் விசைத்தறி ஓட்டுகிறோம். எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் ஆறாம் வகுப்பு, சின்னவள் இரண்டாம் வகுப்பு. இந்த மனுவை எழுதுவது நான் என்றாலும், கீழே கையெழுத்துப் போட்டிருப்பவர்கள் எல்லோரும் படித்துப் பார்த்துத்தான் போட்டிருக்கிறார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டினோம்.

கொரோனாவால் மூடிய பள்ளிகளில் நவம்பர் 1 முதல் சின்ன வகுப்புகளும் திறக்கும் என்று முதலமைச்சர் அவர்கள் போன மாதம் அறிவித்தார்கள். அதையொட்டி எங்கள் பள்ளியில் போன வியாழக்கிழமை பெற்றோர் கூட்டம் நடந்தது. வேப்பமரத்தடியில் ஆளுக்கொரு இடைவெளி விட்டு உட்கார்ந்தோம். அரை மணி நேரத்தில் இடைவெளி போய்விட்டது, சண்டைதான் மிச்சம். திறக்க வேண்டும் என்று ஒரு பக்கம், வேண்டவே வேண்டாம் என்று ஒரு பக்கம், தீபாவளி 4ஆம் தேதி வருகிறது, அது முடிந்து பார்க்கலாம் என்று நடுவில் கொஞ்சம் பேர். கடைசியில் கை தூக்கச் சொன்னார்கள். இரண்டு தடவை எண்ணினார்கள், இரண்டு தடவையும் வேறு வேறு கணக்கு வந்தது. ஏறக்குறைய சரிபாதி என்று வைத்துக்கொள்ளலாம். "பெற்றோரே ஒத்துவராதபோது நாங்கள் என்ன செய்வது, மேலே கேட்டுச் சொல்கிறோம்" என்று கூட்டத்தை முடித்துவிட்டார்கள். அதனால்தான் இந்த மனு.

வேண்டாம் என்றவர்களைப் பயந்தாங்கொள்ளிகள் என்று யாரும் நினைக்க வேண்டாம். எங்கள் தெருவில் ஒரு அக்கா, கணவரை மே மாதம் பறிகொடுத்தவர். ஆக்சிஜன் படுக்கைக்காக ஒரு ராத்திரி முழுக்க அலைந்தார்கள். வீட்டில் சர்க்கரை நோயோடு மாமியார் இருக்கிறார். அவருடைய ஒரே பையன் எட்டாம் வகுப்பு. "பெரியவங்களுக்கு ஊசி இருக்குதுங்க, இவனுக்கு இன்னும் வரலைங்களே" என்று அவர் கேட்டபோது கூட்டத்தில் யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. பதினெட்டு வயதுக்குக் கீழே இன்னும் தடுப்பூசி இல்லை என்பது உண்மைதானே. போன வருஷம் நவம்பர் 9ஆம் தேதி 9 முதல் 12 வரை படிக்கும் பிள்ளைகளின் பெற்றோரைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்டார்களே, அன்றைக்கு என்னைக் கேட்டிருந்தால் நானும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஆனால் அந்தக் கருத்துக் கேட்பு எப்படி முடிந்தது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டுகிறோம். நவம்பர் 16 அன்று திறப்பதாக இருந்தது, கேட்ட பிறகு தள்ளிப்போனது. ஜனவரி முதல் வாரத்தில் மறுபடியும் கேட்டார்கள். ஜனவரி 19 அன்று 10, 12 வகுப்புகள் திறந்தன, பிப்ரவரி 8 அன்று 9, 11. மார்ச் 22 அன்று 12ஐ விட்டு மற்றவை மறுபடி மூடின. இந்த செப்டம்பர் 1 அன்று 9 முதல் 12 வரை மீண்டும் திறந்தன. இவ்வளவு திறப்பிலும் மூடலிலும் எட்டாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளின் முறை ஒரு தடவைகூட வரவில்லை. 2020 மார்ச்சில் பூட்டிய கதவு அப்படியே இருக்கிறது. கணக்குப் பார்த்தால் பத்தொன்பது மாதம்.

என் மகள் 2020இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தாள். இப்போது இரண்டாம் வகுப்பு. இதுவரை ஒரு நாள்கூட வகுப்பறையில் உட்கார்ந்ததில்லை. அவளுக்கு டீச்சர் என்றால் வாட்ஸ்அப்பில் ஒரு ரோஜாப்பூ படம், அவ்வளவுதான். போன மாதம் புத்தகம் வாங்கப் பள்ளிக்குக் கூட்டிப்போனேன். டீச்சரே எதிரில் நிற்கிறார், இவள் என் புடவையை இழுத்து, "ரோஜாப்பூ டீச்சர் எங்கேம்மா?" என்கிறாள். டீச்சருக்கும் சிரிப்பு வந்தது, எனக்கும் வந்தது. வீட்டுக்கு வந்த பிறகுதான் மனசு கஷ்டமாகிவிட்டது.

ஆன்லைன் வகுப்பு என்று சொல்கிறார்களே, எங்கள் பக்கத்தில் அது எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். வீட்டில் நெட் வரும் போன் ஒன்றுதான், அது அப்பாவோடு பட்டறைக்குப் போய்விடும். ஷிப்ட் பன்னிரண்டு மணி நேரம். அவர் வந்து சாப்பிட்டுப் படுக்கும் நேரத்தில்தான் பிள்ளைகள் கைக்குப் போன் வரும். காலையில் அனுப்பிய பாடத்தை ராத்திரி ஒன்பது மணிக்குப் பார்ப்பார்கள். கல்வித் தொலைக்காட்சி நல்ல ஏற்பாடு, குறை சொல்லவில்லை. ஆனால் டிவி, கேள்வி கேட்டால் பதில் சொல்லாது, பிள்ளை தூங்கிவிட்டால் எழுப்பாது.

மகனுக்கு ஒருமுறை தமிழ்ச் செய்யுளை மனப்பாடமாகச் சொல்லி வாய்ஸ் மெசேஜ் அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினான். "சத்தம் அதிகமாக இருக்கிறது, மறுபடி அனுப்பு" என்று பதில் வந்தது. எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு தறி. ஒரு வீட்டில் நின்றால் அடுத்த வீட்டில் ஓடும். மொட்டை மாடிக்குப் போனான், தெருமுனைக்குப் போனான், பீரோவுக்குப் பின்னால் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து சொன்னான். ஒன்றும் சரிவரவில்லை. இரண்டாம் நாள் சாயங்காலம் கரண்ட் போனது. ஊரே அமைதியானது. "அம்மா, இப்ப இப்ப!" என்று ஓடிவந்து ஒரே மூச்சில் சொல்லி முடித்தான். அன்றிலிருந்து அவனுக்கு வீட்டுப்பாடம் என்றால் மின்தடை நேரம். கரண்ட் போனால் சந்தோஷப்படுகிற பிள்ளை எங்கள் ஊரில்தான் இருப்பான்.

அதே பையன் இப்போது தார் (தறி நாடாவுக்குள் போடும் நூல் குச்சி) சுற்றுவதில் கெட்டிக்காரன் ஆகிவிட்டான். வாய்ப்பாட்டில் ஏழாம் வாய்ப்பாடு தட்டுகிறது, நூல் கண்டைப் பார்த்து எத்தனை தார் வரும் என்று மட்டும் சரியாகச் சொல்கிறான். இதைப் பெருமையாக எழுதவில்லை. பதினான்கு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை, பள்ளி நேரம் போக, விடுமுறையில், குடும்பத் தொழிலில் உதவலாம் என்று 2016இல் திருத்திய சட்டம் சொல்வதாகக் கேள்விப்பட்டேன். பள்ளி நேரம் என்று ஒன்றே இல்லாதபோது எந்த நேரம் போக? சொந்தத் தறி இல்லாதவர்கள் பட்டறையில் முன்பணம் வாங்கியிருக்கிறார்கள். ஊரடங்கில் தறி நின்ற மாதங்களில் அந்த முன்பணம் ஏறிவிட்டது. அந்த வீடுகளில் ஏழாம் வகுப்பு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பட்டறைக்குள் போய்விட்டார்கள். அவர்களின் பெற்றோர் வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு வரவில்லை. ஷிப்டை விட்டு வர முடியாது. ஆக, கை தூக்கிய கணக்கில் அவர்கள் எந்தப் பக்கமும் இல்லை. யாருக்குப் பள்ளி அவசரமாகத் தேவையோ அவர்கள் இல்லாமலே ஓட்டெடுப்பு முடிந்துவிட்டது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஜூலையில் வெளியிட்ட ரத்தப் பரிசோதனை முடிவில், 6 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ஏற்கெனவே எதிர்ப்புச் சக்தி இருப்பதாகச் சொன்னார்கள். பள்ளி திறப்பதானால் முதலில் தொடக்கப் பள்ளிகளைத் திறப்பதே நல்லது என்று அதன் தலைவர் டாக்டர் பல்ராம் பார்கவாவும் சொன்னார். நாம் பெரிய வகுப்பிலிருந்து ஆரம்பித்தோம். அதற்கும் காரணம் இருந்திருக்கும், பொதுத் தேர்வு இருக்கிறது. ஆனால் பூட்டிய வீட்டுக்குள் இருந்தால் பிள்ளைக்கு நோய் வராது என்ற நம்பிக்கை இந்தப் பரிசோதனையில் அடிபட்டுப் போகிறது. பள்ளிக்கே போகாத பிள்ளைகளுக்குத்தானே இத்தனை பேருக்கு வந்து போயிருக்கிறது. ஆசிரியர்களும் சமையலர்களும் ஊசி போட்டு, சன்னலைத் திறந்து வைத்து, பாதிப் பாதியாக வரச் சொன்னால், தறிவீட்டை விடப் பள்ளி மோசமான இடமாக இருக்காது என்பது எங்கள் எண்ணம். பாட்டி ஒருவர் கூட்டத்தில் சொன்னார்: "சந்தைக்கு எங்கூட வருது, கல்யாணத்துக்கு வருது, துணிக்கடைக்கு வருது. பள்ளிக்கூடத்துல மட்டும்தான் கொரோனா இருக்குதுங்களா?"

எனவே நாங்கள் கேட்பது, யார் பக்கம் அதிகக் கை என்று பார்த்து எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே முடிவு எடுக்க வேண்டாம் என்பதுதான். வருகை கட்டாயமில்லை என்று அரசே சொல்லிவிட்டது. அனுப்ப விரும்புகிறவர்களுக்காக நவம்பர் 1 அன்றே எங்கள் பள்ளியைத் திறந்துவிடுங்கள். தீபாவளிக்கு முன்னால் மூன்று நாள்தானே என்று தள்ளிவைத்தால், பிறகு மழை வரும், அதற்குப் பிறகு பொங்கல் வரும். எட்டு வகுப்புக்கு ஐந்து அறைதான் இருக்கிறது. ஒருநாள் விட்டு ஒருநாள் என்று பிரித்தால் இடம் போதும், அளந்து பார்த்துவிட்டோம்.

வராத பிள்ளைகளை விட்டுவிடக் கூடாது. அவர்களுக்கு வாட்ஸ்அப் வேண்டாம். வாரம் ஒருமுறை பயிற்சித் தாளை அச்செடுத்துக் கொடுத்து, எழுதியதை வாங்கித் திருத்திக் கொடுத்தால் போதும். திங்கட்கிழமை காலையில் பள்ளி வாசலில் வந்து வாங்கிக்கொள்கிறோம். அப்படி வீட்டில் இருக்கும் பிள்ளையின் பெயரை, நீண்ட நாள் வரவில்லை என்று பதிவேட்டிலிருந்து எடுக்கக் கூடாது. இல்லம் தேடிக் கல்வி என்று ஒரு திட்டம் முதலில் 12 மாவட்டங்களில் வருவதாகச் செய்தி பார்த்தோம். காவிரிப் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஈரோடு அதில் இருக்கிறது, இந்தப் பக்கம் நாங்கள் இல்லை. அது எங்களுக்கு வரும்வரை இந்தத் தாள் ஏற்பாடாவது வேண்டும்.

ஒப்புதல் படிவத்தைப் பற்றிக் கட்டாயம் சொல்லியாக வேண்டும். எங்களுக்குக் கொடுத்த தாளில், "எனது சொந்தப் பொறுப்பில் அனுப்புகிறேன், ஏதும் நேர்ந்தால் பள்ளி பொறுப்பாகாது" என்று ஒரு வரி இருக்கிறது. திறக்க வேண்டும் என்று கை தூக்கியவர்களில் பல பேர் அந்த வரியைப் படித்ததும் கையைக் கீழே போட்டுவிட்டார்கள். பிள்ளையை அனுப்பச் சம்மதம் என்று எழுதிக் கொடுக்கிறோம். கழிவறையைக் கழுவுவதும், தண்ணீர்த் தொட்டியைச் சுத்தம் செய்வதும், காய்ச்சல் வந்த பிள்ளையைத் தனியாக உட்கார வைத்து எங்களுக்குத் தகவல் சொல்வதும் எங்கள் பொறுப்பு ஆகுமா? அந்த வரியை எடுத்துவிட உத்தரவிட வேண்டும்.

தொட்டி என்றதும் நினைவுக்கு வருகிறது. பத்தொன்பது மாதமாகப் பூட்டிக் கிடந்த கட்டடம். பெண் பிள்ளைகள் கழிவறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை, பின்பக்க அறையில் ஓட்டுக்கு நடுவே வானம் தெரிகிறது. மழைக்காலம் தொடங்கிவிட்டது. திறப்பதற்கு முன்னால் ஒரு பொறியாளரை அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். கூட்டிப் பெருக்க, வெள்ளையடிக்க ஆள் வேண்டுமென்றால் பெற்றோர் நாங்களே வருகிறோம், ஞாயிற்றுக்கிழமை தறி லீவுதான். சத்துணவும் முதல் நாளிலிருந்தே சூடாக வேண்டும். இத்தனை மாதம் அரிசியும் பருப்பும் கையில் கொடுத்தீர்கள், நன்றி. வீட்டுக்கு வந்த அரிசியை வீடே சாப்பிட்டது. பள்ளியில் வேகும் முட்டை மட்டும்தான் பிள்ளை வயிற்றுக்கு நேராகப் போகும்.

பட்டறைக்குப் போய்விட்ட பிள்ளைகளை அழைத்துவர ஆசிரியர்களை மட்டும் அனுப்பினால் முதலாளிகள் வெளியே நிறுத்திப் பேசி அனுப்பிவிடுவார்கள். ஊராட்சித் தலைவரோ தொழிலாளர் துறை அலுவலரோ கூட வர வேண்டும். பெயர்ப் பட்டியலை இங்கே எழுதவில்லை, கேட்டால் நேரில் தருகிறோம்.

தடுப்பூசி முகாமை ஞாயிற்றுக்கிழமை வைத்தீர்கள். கறி சாப்பிட்டால், குடித்தால் ஊசி கூடாது என்று ஜனங்கள் தயங்கியதால் நேற்று முன்தினம் சனிக்கிழமைக்கு மாற்றினீர்கள். பயத்தைக் கேலி செய்யாமல், முகாமையும் நிறுத்தாமல், நாளை மட்டும் மாற்றினீர்கள். பள்ளி விஷயத்திலும் அதே வழியைத்தான் கேட்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள பெற்றோர்கள்.

இணைப்பு: 1. கையெழுத்துத் தாள்கள். 2. ஒப்புதல் படிவத்தின் நகல். 3. கழிவறை, பின்பக்க அறை ஆகியவற்றின் புகைப்படங்கள்.

குறிப்பு: கையெழுத்துத் தாளின் இரண்டாம் பக்கத்தில், கணவரை இழந்த அக்காவும் கையெழுத்திட்டிருக்கிறார். பக்கத்தில் அவரே எழுதிய வரியை அடிக்காமல் அப்படியே விட்டிருக்கிறோம்: "என் பையனை இப்போது அனுப்ப மாட்டேன். பள்ளிக்கூடம் திறக்கட்டும்."