கன்னிக்கால் மரமும் உன் வெள்ளைப் பூவும்

அன்பு மகளுக்கு,

நானும் அப்பாவும் சுகம். நீயும் மருமகனும் சுகமாயிருக்க நல்லூரானை வேண்டுகிறேன்.

நீ அனுப்பிய டொக்வூட் மரப் பூவின் படத்தைக் கைபேசியில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். 1956 முதல் அதுதான் கனடாவில் உங்கள் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் பூ என்று எழுதியிருந்தாய். வெள்ளையாக விரிந்திருப்பவை இதழ்களே அல்ல, ஒருவகை இலை. நடுவில் பச்சைப் பொத்தான் போலக் குவிந்திருப்பவைதான் பூக்கள் என்றாய். என்னால் நம்ப முடியவில்லை. படலையடிக்குப் போய்க் கடதாசிப்பூவில் ஒரு கொத்துப் பறித்து வந்தேன். ஊதா நிறத்தில் மூன்று தாள்கள். ஒவ்வொன்றின் நடு நரம்பிலும் ஒட்டியபடி ஒரு சின்னக் குழாய், அதன் நுனியில் வெள்ளை நட்சத்திரம். அதுதான் பூ! இத்தனை வருடமும் இதை நின்று பார்க்கவில்லையே என்று மனம் சுட்டது.

ஆனால் ஒன்று எனக்கு ஒப்பவில்லை. ஊரில் எப்போதும் ஒரே பச்சைதான், பருவங்கள் எல்லாம் அங்கேதான் என்று எழுதிவிட்டாயே, பிள்ளை. நீ தவழ்ந்த வளவை மறந்துவிட்டாயா? ஈசான மூலையில் நிற்கும் முள்முருக்கு எங்கள் கலியாணத்துக்கு ஊன்றிய கன்னிக்கால். வெறும் தடியாக நட்டது. இப்போதும் மாசி வந்தால் இலையெல்லாம் கொட்டிவிட்டு, மொட்டைக் கிளை நுனிகளில் செக்கச்செவேலென்று பூக்கும்; தேனுக்கு மைனாக்கள் சண்டை பிடிக்கும். பங்குனியில் வேம்பு. விடிய முற்றம் கூட்டப் போனால் பொரி சிந்தியதுபோலப் பூ கிடக்கும். மரத்தின் கீழ் பழைய சேலை விரித்துச் சேர்த்து, உழுந்தும் செத்தல் மிளகாயும் போட்டு வடகம் தட்டிக் காயவைத்திருக்கிறேன். சித்திரையில் கொன்றை. இப்போது சோளகக் காற்று எழும்பிவிட்டது. மிச்சமிருக்கும் கொன்றைப் பூவைக் கிணற்றுக்குள் கொட்டுகிறது. அப்பா அள்ளும் ஒவ்வொரு வாளியிலும் இரண்டு மூன்று மஞ்சள் இதழ்கள். கோடையில் காய்ந்த விறகாக நிற்கும் வேலிக் கிளுவைகூட, ஐப்பசி மழை விழுந்தால் தளிர்த்துவிடும்.

இன்னொன்று தெரியுமா? வன்னிக் காட்டில் நிற்கும் அழிஞ்சிலும் உன் டொக்வூட்டும் ஒரே குடும்பமாம். இன்றைய தாவரவியலார் அப்படித்தான் வகுத்திருக்கிறார்கள். அழிஞ்சிலும் இலை உதிர்ந்த கிளையில்தான் வெள்ளையாகப் பூக்கும், நல்ல வாசம். உன் அம்மம்மா அதை ஏறழிஞ்சில் என்பார். கீழே விழுந்த விதை தானாகவே ஏறித் தாய்மரத்தில் ஒட்டிக்கொள்ளும் என்று கதை சொல்வார். அந்தக் கதை இப்போது அடிக்கடி நினைவுக்கு வருகிறது.

பூ உதிர்ந்ததும் உன் டொக்வூட் மரத்தை விட்டுவிடாதே. காய் சிவக்கும்போது ஒரு படம் அனுப்பு, இலை நிறம் மாறும்போது ஒன்று. அடுத்த வருடத்து மொட்டு குளிருக்கு முன்பே கட்டிவிடுமாம். வெறுங்கிளையில், குளிருக்குள் அது எப்படி நிற்கிறது என்று எனக்குப் பார்க்க வேண்டும்.

வடகத்தை, அடுத்த மாதம் அங்கே வரும் பெரியம்மாவின் மகனிடம் கொடுத்துவிடுகிறேன். எண்ணெயை அதிகம் கொதிக்கவிடாதே. வேப்பம்பூ சட்டென்று கருகிவிடும்.

அன்புடன்,
அம்மா