ஒரே செவ்வகத்துக்கு இரண்டு அளவு காட்டும் மென்பொருள் பற்றிப் புகார்

அனுப்புநர்:
வடிவமைப்பாளர்,
அட்டைப்பெட்டி அச்சகம், சிவகாசி.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: வெக்டர் வரைகலை மென்பொருளில் பொருள்களின் அளவு இடத்துக்கு இடம் மாறுவது தொடர்பாக.

ஐயா,

அட்டைப்பெட்டிகளுக்கான டை (அட்டையை வெட்டும் பிளேடு பதித்த அச்சு) செய்வதற்கு வேண்டிய வரைபடங்களை, ஆண்டுச் சந்தா கட்டி, உங்கள் மென்பொருளில்தான் வரைந்துவருகிறோம். எங்கள் தொழிலில் அரை மில்லிமீட்டர் பிசகினால் பெட்டி மூடாது.

சென்ற மாதம் தேன் பாட்டில் பெட்டி ஒன்றுக்கு நான்கு பக்கங்களை வரைந்து, ஒவ்வொன்றுக்கும் திரையின் மேல்பட்டையில் அகலம் 60 மி.மீ. என்று கொடுத்தேன். கோட்டின் தடிமன் 0.5 மி.மீ. மென்பொருள் அந்தத் தடிமனையும் அகலத்தில் சேர்த்துக்கொண்டு, பாதையை, அதாவது கோட்டின் நடுவே ஓடும் தடிமனில்லாத வடிவத்தை, 59.5 ஆகச் சுருக்கிவிட்டது. அதே செவ்வகத்துக்குத் திரையோரப் பலகம் 59.5 என்கிறது, மேல்பட்டை 60 என்கிறது. எது எந்த அளவு என்று ஓரிடத்திலும் எழுதவில்லை. டை செய்பவருக்குக் கோட்டின் தடிமன் ஒரு பொருட்டே இல்லை. பாதை போகும் வழியில்தான் பிளேடை வளைத்துப் பதிப்பார். நான்கு பக்கமும் சேர்ந்து 240 வரவேண்டிய இடத்தில் 238 மி.மீ. வந்தது. மூடியைச் சக பணியாளர் தம் கணினியில் வரைந்தார். அங்கே தடிமனைச் சேர்க்காமல் அளக்கும் அமைப்பு இருந்ததால் அளவு சரியாக இருந்தது. சரியான மூடி, குறுகிய பெட்டிக்குள் நுழையவில்லை. வெட்டிய அட்டை அத்தனையும் பழைய பேப்பர் கடைக்குப் போயிற்று.

இது பிழையன்று, விருப்ப அமைப்பில் மாற்றிக்கொள்ளலாம் என்று உங்கள் சேவைப் பிரிவு பதில் அனுப்பியது. இதை நான் ஏற்கவில்லை. கோட்டையும் சேர்த்து அளப்பது சுவரொட்டி வரைபவருக்குத் தேவைப்படலாம். ஆனால் அந்த அமைப்பு கோப்பில் சேமிக்கப்படுவதில்லை, கணினியிலேயே தங்கிவிடுகிறது. ஒரே கோப்பு இரண்டு மேசைகளில் இரண்டு அளவு சொன்னால், எந்த எண்ணைக் காட்டி வாடிக்கையாளரிடம் ஒப்புதல் வாங்குவது?

சாய்த்து வைத்தாலும் இதே தொல்லைதான். 100க்கு 50 மி.மீ. செவ்வகத்தை 30 பாகை திருப்பினால் அகலம் 111.6, உயரம் 93.3 என்று காட்டுகிறது. அது செவ்வகத்தைச் சுற்றி நிற்கும் கட்டத்தின் அளவு. உண்மையான பக்க அளவைப் பார்க்க மறுபடி நேராக்க வேண்டியிருக்கிறது.

அளவு காட்டும் இடத்திலேயே அது பாதையின் அளவா, கோடு சேர்ந்த அளவா என்று குறிப்பிடுங்கள். எல்லாப் பலகங்களும் ஒரே எண்ணைக் காட்டவேண்டும். அமைப்பும் கோப்போடு சேமிக்கப்படவேண்டும். வீணான அட்டைக்கும் புது டைக்கும் ஆன செலவின் ரசீதுகளையும், நீங்கள் சோதித்துப் பார்க்க அந்தக் கோப்பையும் இணைத்துள்ளேன். அத்தொகையை அடுத்த சந்தாவில் கழித்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வடிவமைப்பாளர்