மச்சானுக்காகச் செய்த கழுத்துப்பட்டை

பேராசிரியர் ராபர்ட் ஹப்பர்ட் அவர்களுக்கு,

வணக்கம். கார் பந்தய ஓட்டுநர்களின் கழுத்தைக் காக்கும் பட்டையை உருவாக்கிய நீங்கள் 2019-லேயே காலமாகிவிட்டீர்கள். இந்தக் கடிதம் உங்களிடம் வந்து சேராது என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

போன வாரம் தூக்கம் வராத ஒரு ராத்திரியில், நாஸ்கார் என்ற அமெரிக்கக் கார் பந்தய அமைப்பு நடத்திய 2001 டேடோனா 500 பந்தயத்தின் கடைசிச் சுற்றைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலாவது வளைவு. நட்சத்திர ஓட்டுநர் டேல் ஏர்ன்ஹார்ட்டின் கறுப்பு 3-ஆம் எண் கார் பின்னால் வந்த காரோடு லேசாக உரசிச் சறுக்குகிறது, சட்டென்று மேலே ஏறிச் சுவரில் மோதுகிறது. அவ்வளவுதான். தீப்பிடிக்கவில்லை, உருளவில்லை. அதே பந்தயத்தில் கொஞ்ச நேரம் முன்னால்தான் டோனி ஸ்டூவர்ட்டின் கார் ஆகாயத்தில் பறந்து குட்டிக்கரணம் போட்டது. அவர் பிழைத்துக்கொண்டார். அதைப் பார்த்தவர்களுக்கு இது ஒரு விபத்தாகவே தோன்றியிருக்காது. ஆனால் ஏர்ன்ஹார்ட் பிழைக்கவில்லை.

கூடவே மோதிய கென் ஷ்ரேடர் மட்டும் இறங்கி வந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறார். அடுத்த நொடியே திரும்பி, கையைப் பதறிப் பதறி ஆட்டி மருத்துவக் குழுவைக் கூப்பிடுகிறார். அந்தக் கையசைவைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. அந்தப் பக்கம் மைக்கேல் வால்ட்ரிப், 463-வது பந்தயத்தில் கிடைத்த முதல் வெற்றியைக் கொண்டாடிக்கொண்டிருக்கிறார். அவர் ஓட்டிய கார் ஏர்ன்ஹார்ட்டின் சொந்த அணியுடையது.

மணிக்கு 250 கிலோமீட்டருக்கு மேல் போகிற கார் சுவரில் முட்டும்போது பெல்ட் உடம்பைப் பிடித்துக்கொள்கிறது. தலையை யார் பிடிப்பது? ஹெல்மெட்டின் கனத்தையும் சேர்த்துக்கொண்டு அது முன்னால் பாய்கிறது. கழுத்து இழுபட்டு, மண்டையோட்டின் அடிப்பாகம் முறிகிறது. வெளியே பெரிய காயம் எதுவும் தெரியாமலே ஆள் போய்விடலாம்.

இதை நீங்கள் 1980-களிலேயே யோசித்துவிட்டீர்கள். 1981-இல் மிட்-ஒஹாயோ தடத்தில் உங்கள் மச்சான் ஜிம் டவுனிங்கின் நண்பர் பாட்ரிக் ஜாக்மார் இப்படித்தான் இறந்தார். டவுனிங்கும் பந்தய ஓட்டுநர். அடுத்து நாமாக இருக்கலாம் என்ற பயம் அவருக்கு. நீங்களோ ஜெனரல் மோட்டார்ஸில் கார் மோதல் பொம்மைகளோடு வேலை பார்த்துவிட்டு, மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர். தோளில் உட்கார்கிற ஒரு பட்டை, அதன்மேல் பெல்ட், பட்டையிலிருந்து ஹெல்மெட்டுக்கு இரண்டு வார். உடம்பு நிற்கும்போது தலையும் நிற்கும். சமையலறை மேசையில் வைத்துப் பாட்டிக்கே விளக்கிவிடலாம், அவ்வளவு எளிமை. ஹான்ஸ் என்று பெயர் வைத்தீர்கள்.

யாரும் வாங்கவில்லை. உறுத்துகிறது, தலையைத் திருப்ப முடியவில்லை, காரிலிருந்து சட்டென்று இறங்க முடியாது என்று ஆளுக்கொரு காரணம். ஏர்ன்ஹார்ட் அதைத் தூக்குக் கயிறு என்று கேலி செய்ததாகச் சொல்வார்கள். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. என் ஹெல்மெட்டின் கிளிப் உடைந்து எட்டு மாதமாகிறது, இன்னும் அதைத்தான் மாட்டிக்கொண்டு அலுவலகம் போகிறேன்.

என் கோபமெல்லாம் நாஸ்கார் மேல்தான். 2000 மே மாதம் நியூ ஹாம்ப்ஷயரில் ஆடம் பெட்டி இறந்தார். நாஸ்கார் ஜாம்பவான் ரிச்சர்ட் பெட்டியின் பேரன், 19 வயது. ஜூலையில் அதே தடத்தில் கென்னி இர்வின். அக்டோபரில் டெக்சாஸில் டோனி ரோப்பர். ஒரே தடத்தில் இரண்டு மாதத்துக்குள் இரண்டு பேர் மண்டையோட்டின் அடிப்பாகம் முறிந்து செத்த பிறகும், 'விருப்பமுள்ளவர்கள் போட்டுக்கொள்ளலாம்' என்பதுதான் விதி. ஏர்ன்ஹார்ட் போன பிறகாவது உடனே மாறியதா என்றால் அதுவும் இல்லை. இடுப்பு பெல்ட் அறுந்ததா, யார் செய்த பெல்ட் என்று மாதக்கணக்கில் சண்டை. 2001 அக்டோபர் 4-ஆம் தேதி சார்லட்டில் நடந்த, ஆர்க்கா என்ற இன்னொரு தொடரின் பந்தயத்தில் பிளேஸ் அலெக்சாண்டரும் அதே முறிவால் இறந்தார். அவரோடு முட்டிக்கொண்ட காரில் இருந்தவர் கெர்ரி ஏர்ன்ஹார்ட், டேலின் மூத்த மகன். சரி, அதற்கு அப்புறம் இரண்டு வாரத்துக்குள், 17-ஆம் தேதி, தலை-கழுத்துக் காப்பு இல்லாமல் யாரும் ஓட்டக்கூடாது என்று அறிவித்தார்கள்.

மற்றவையும் பின்னாலேயே வந்தன. நெப்ராஸ்காவில் டீன் சிக்கிங் குழு வடிவமைத்த, அடியை வாங்கிக்கொள்கிற எஃகு-நுரைச் சுவர் 2002-இல் இண்டியானாபோலிஸில் முதலில் ஏறியது. 2007-இல் பாதுகாப்பு கூடிய புது மாதிரிக் கார். ஏர்ன்ஹார்ட்டுக்குப் பிறகு நாஸ்காரின் முதல்நிலைத் தொடரான கப் பந்தயத்தில் ஒரு ஓட்டுநரும் சாகவில்லை.

நீங்கள் போனது 2019 பிப்ரவரியில். அடுத்த வருடம் பிப்ரவரி 17, அதே டேடோனா, அதே கடைசிச் சுற்று. ரயன் நியூமனின் கார் சுவரில் மோதிக் கவிழ்ந்து, பின்னால் வந்த கார் ஓட்டுநர் பக்கமே வந்து இடித்தது. காரைச் சுற்றிக் கறுப்புத் திரை பிடித்துத்தான் அவரை வெளியே எடுத்தார்கள். இரண்டு நாள் கழித்து ஒரு புகைப்படம் வந்தது. இந்தப் பக்கம் ஒரு மகள், அந்தப் பக்கம் ஒரு மகள், இருவர் கையையும் பிடித்துக்கொண்டு நியூமன் ஆஸ்பத்திரியிலிருந்து நடந்து வருகிறார்.

அதை உங்களுக்குக் காட்டத்தான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன்.

இப்படிக்கு,
தூக்கம் கெட்ட ஒரு ரசிகன்